பதினொன்று எழவில்லை

கிளக்ஸ்விக் துறைமுகத்தில் இரவு ஒன்றரை மணி.
மழை பக்கவாட்டில் பெய்கிறது;
இந்தத் தீவில் அது மேலிருந்து விழுந்து
நான் அதிகம் பார்த்ததில்லை.
ஐந்தரைக்கு மீன் ஏலம்.
அதற்குள் இருபத்து மூன்று சர்வர்களும்
படுத்து எழுந்தாக வேண்டும்.

பன்னிரண்டு நாள் சோதித்தோம்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி.
இருபத்து மூன்று பானைக்கு?
சோதனை எந்திரங்களில் புதிய கெர்னலை ஏற்றி
ரன்வா பொய்யாக மீன் விற்றாள்:
இல்லாத படகிலிருந்து இல்லாத காட் மீன்
நாலாயிரம் கிலோ.
ஒரே பெட்டியை ஒரே நொடியில்
இரண்டு பேருக்கு விற்றுப் பார்த்தாள்.
பூஜ்யத்துக்குக் கீழே எடை போட்டாள்.
படகின் பெயரில் எங்கள் மொழியின்
குறுக்குக் கோடிட்ட எழுத்தை வேண்டுமென்றே வைத்தாள்.
எல்லாம் பச்சை.

பச்சையை நான் அவ்வளவாக நம்புவதில்லை.
கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது,
அவ்வளவுதான் அதன் பொருள்.

களஞ்சியத்தைப் பூட்டிவிட்டேன்.
சோதித்த நாளின் தொகுப்புகள் மட்டும் உள்ளே;
அதன் பிறகு உலகம் வெளியிட்டதெல்லாம்
வாசலில் நிற்கட்டும்.

முதலில் ஒன்று.
பிறகு இரண்டு. காப்பி.
பிறகு நாலு.
ஒவ்வொன்றும் அணையும்போது
திரையில் பிங் மட்டும் போய்க்கொண்டிருக்கும்,
ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.
அந்தத் தொண்ணூறு நொடி
பதினாறு வருடமாகியும் பழகவில்லை எனக்கு.
பிறகு, தண்ணீரிலிருந்து தலை நீட்டுகிற மாதிரி
ஒரு பதில்.
அறுபத்து நான்கு பைட்.

பத்து வரை எழுந்தன.
பதினொன்று எழவில்லை.

தொண்ணூறு. நூற்றெண்பது. முன்னூறு.
ரன்வாவை எழுப்பினேன்.
"எது?" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.
எடைமேடைகளுடையது.
அவள் பக்கம் கெட்டில் முனகத் தொடங்கியது.

பழைய கெர்னலுக்குத் திரும்பினேன்.
அதிலும் எழவில்லை.
அப்படியென்றால் புதியதன்மேல் குற்றமில்லை.
ஒரு வகையில் ஆறுதல்.
இன்னொரு வகையில்
தளத்துக்கு அடியில் தளம் நழுவியது.

தூரக் கன்சோலைத் திறந்தேன்.
கறுப்பில் வெள்ளையாக, சற்றும் கோபமில்லாமல்,
ஒரு வட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது அது.
எந்த வட்டு?
பட்டியலில் இல்லை.
சோதனைக் கூடத்தில் இதற்கென்று வைத்திருந்த
இரட்டையிடமும் இல்லை.
கோப்பின் கடைசியில் கையால் சேர்த்த ஒரு வரி.
அதன் மேலே ஒரு குறிப்பு:
தற்காலிகம். திங்கட்கிழமை எடுத்துவிடுகிறேன். ஹெ.

ஹெ. என்பது ஹெர்போர்க்.
ஹெர்போர்க் என்பது நான்.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஏதோவொரு திங்கள்.
அந்த வட்டில் இப்போது
யாருடைய பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றனவோ.
ஆயிரத்து நூறு நாள் அணையாமல் ஓடுகிறது என்று
அந்தப் பெட்டியைப் பற்றி
விருந்துகளில் பீற்றியிருக்கிறேன்.
ஒருமுறை அணைத்திருந்தால்
அன்றைக்கே காட்டிக்கொடுத்திருக்கும்.

வரியை அழித்தேன்.
அறுபத்து நான்கு பைட்.

ரன்வாவிடம் சொன்னேன், எழுத்து உட்பட.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"மற்றப் பன்னிரண்டிலும்
உன் திங்கட்கிழமை இருக்கிறதா பார்," என்றாள்.

பத்தொன்பதில் இருந்தது.

ஐந்தரைக்குக் கூடத்தின் கதவு மேலேறியது.
ஷூருரின் ஆட்கள் முதல் பெட்டியை மேடையில் வைத்தார்கள்.
ஹாடக், நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.
எண் வந்தது.
யாரும் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை;
பனிக்கட்டியை மிதித்துக்கொண்டு
அடுத்த பெட்டியைத் தூக்கப் போனார்கள்.

மூன்று சர்வர்களுக்கு நேரம் போதவில்லை.
குறிப்பேட்டில் எழுதினேன்: மீதி மூன்று, அடுத்த வாரம்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
"அடுத்த வாரம்" என்பதை அழித்துவிட்டுத்
தேதி போட்டேன். மணியும்.
கீழே
முழுப் பெயர்.